35 டிகிரிக்கு மேல் ஒரு பேட்டரி

ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்துங்கள் என்கிறது ஆப்பிள் நிறுவனம். மற்ற பல போன்களின் கையேடுகளிலும் இதையொட்டிய எண்தான் இருக்கும். கலிபோர்னியாவில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு 35 தாராளமான எல்லையாகத் தோன்றியிருக்கலாம். வேலூரிலும் திருத்தணியிலும் கரூரிலும் பங்குனி பிறந்த கையோடு பகல் வெயில் அதைத் தாண்டிவிடுகிறது. சென்னையில் 2003 மே மாதம் 45 டிகிரி வரை போனதுண்டு. ஆக, நம் ஊர்ப் போன்கள் ஆண்டுக்குச் சில மாதங்கள், தயாரித்தவர்களே பரிந்துரைக்காத சூட்டில் வேலை பார்க்கின்றன.

பேட்டரியைக் காப்பாற்ற நமக்குக் கிடைக்கும் புத்திமதிகளோ சதவீதக் கணக்காகவே இருக்கின்றன. 20க்குக் கீழே விடாதே, 80க்கு மேலே ஏற்றாதே, ராத்திரி முழுக்கச் செருகி வைக்காதே, புது போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகே எடு. இவற்றில் சில சரி. சில, நிக்கல் பேட்டரிக் காலத்து மிச்சம். சூட்டைப் பற்றி யாரும் இவ்வளவு அக்கறையாகச் சொல்வதில்லை. பேட்டரியின் ஆயுளில் சூட்டுக்குத்தான் பெரிய பங்கு. சதவீதம் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். ஏன் என்று பார்க்க பேட்டரிக்குள் போக வேண்டும்.

லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1970களில் எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம், லித்தியம் உலோகத்தை ஒரு முனையாகவும் டைட்டானியம் டைசல்ஃபைடை மறுமுனையாகவும் வைத்து ஒரு பேட்டரி செய்தார். வேலை செய்தது, அவ்வப்போது தீயும் பிடித்தது. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜான் குட்இனஃப், நேர்முனைக்கு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தார். மின்னழுத்தம் 4 வோல்ட்டை எட்டியது. லித்தியம் உலோகமே வேண்டாம், எதிர்முனையில் கார்பனை வைத்தால் போதும் என்று ஜப்பானின் அகிரா யோஷினோ 1985இல் செய்து காட்டினார். 1991இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பரிசு அறிவிக்கப்பட்டபோது குட்இனஃபுக்கு 97 வயது. அவ்வளவு வயதில் நோபல் வாங்கியவர் வேறு யாரும் இல்லை. 2023இல், நூறைத் தாண்டிய பிறகு காலமானார்.

இன்றைய போன் பேட்டரியின் அடிப்படை அமைப்பும் அதுவேதான். ஒரு பக்கம் கோபால்ட் ஆக்சைடு, மறுபக்கம் கிராஃபைட், நடுவே நுண்துளைகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள். இவை எல்லாம் எளிதில் தீப்பற்றும் ஒரு கரிமத் திரவத்தில் ஊறிக் கிடக்கும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கோபால்ட் ஆக்சைடை விட்டுக் கிளம்பி, திரவத்தின் வழியே போய், கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையில் அமர்கின்றன. போனைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன. இந்தப் போக்குவரத்து மட்டுமே நடந்துகொண்டிருந்தால் பேட்டரிக்கு முதுமையே வராது.

முதுமை அந்தத் திரவத்தால் வருகிறது. லித்தியம் நிறைந்த கிராஃபைட்டைத் தொட்டால் திரவம் சிதையும். ஆலையில் போடும் முதல் சார்ஜின்போதே கொஞ்சம் திரவமும் கொஞ்சம் லித்தியமும் சேர்ந்து, கிராஃபைட்டின் மேல் நானோமீட்டர் கணக்கில் அளக்க வேண்டிய ஒரு படலமாகப் படிந்துவிடுகின்றன. இந்தப் படலம் ஒரு வரம். அயனிகளை உள்ளே விடும், திரவத்தைத் தடுத்து நிறுத்தும். இது இல்லையென்றால் இந்தப் பேட்டரியே இல்லை. ஆனால் தடுப்பு முழுமையானதல்ல. திரவம் எங்கோ கசிந்து உள்ளே போகிறது, இன்னும் கொஞ்சம் லித்தியம் படலத்தில் சிக்குகிறது. சிக்கியது சிக்கியதுதான். புதிதில் 5000 மில்லி ஆம்பியர் மணி இருந்த பேட்டரி சில ஆண்டுகளில் 4000க்கு இறங்குகிறது என்றால், தொலைந்ததில் பெரும்பகுதி இப்படிச் சிறைப்பட்ட லித்தியம். படலம் தடிக்கத் தடிக்க அயனிகள் கடப்பதும் கடினமாகிறது. அதைத்தான் உள்மின்தடை ஏறுவது என்கிறோம். மறுமுனையிலும் சேதாரம் உண்டு. முழு சார்ஜில் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும்போது அங்கே திரவம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, கோபால்ட் துளித்துளியாகக் கரைகிறது.

இவை எல்லாமே வேதிவினைகள். வேதிவினைக்குச் சூடு என்றால் கொண்டாட்டம். 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பள்ளியில் படித்த தோராய விதி. அந்தக் கணக்குப்படி, 25 டிகிரியில் இருக்கும் பேட்டரியைவிட 45 டிகிரியில் இருப்பது நான்கு மடங்கு வேகத்தில் கிழடு தட்ட வேண்டும். நிஜப் பேட்டரிகள் விதிக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை என்றாலும் போகும் திசை அதுதான். பேட்டரித் துறையில் பலரும் எடுத்துக்காட்டும் ஓர் அட்டவணை இருக்கிறது. 40 சதவீதச் சார்ஜோடு 25 டிகிரியில் ஓராண்டு சும்மா கிடந்த பேட்டரி, கொள்ளளவில் சுமார் 4 சதவீதத்தை இழக்கிறது. முழு சார்ஜோடு 40 டிகிரியில் கிடந்தது சுமார் 35 சதவீதத்தை. இரண்டையும் யாரும் பயன்படுத்தவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பீரோவில் வைத்த பேட்டரிக்கும் வயதாகிறது. சூடும் முழு சார்ஜும் கூட்டுச் சேர்ந்தால் தலைதெறிக்க ஆகிறது.

சரி, போனுக்குள் சூடு எங்கிருந்து வருகிறது?

மதிய நேரத்தில் உணவு கொண்டுபோகும் டெலிவரி ஊழியரின் பைக்கைப் பாருங்கள். ஹேண்டில்பாரில் போன். திரை முழு வெளிச்சத்தில் இருக்கிறது, இல்லாவிட்டால் வெயிலில் வரைபடம் தெரியாது. ஜி.பி.எஸ். ஓடுகிறது, இணையம் ஓடுகிறது. டவர் சரியாக எடுக்காத தெருவில் நுழைந்தால், கோபுரத்தை எட்டுவதற்காகப் போன் தன் ரேடியோ சக்தியைக் கூட்டுகிறது. அதுவும் சூடாக மாறுகிறது. பைக்கிலிருந்தோ பவர் பேங்கிலிருந்தோ சார்ஜும் ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே வெயில். உச்சிவெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. போனின் முகம் 16 செ.மீ. நீளம், ஏழரை செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் அதன் பங்குக்கு 12 வாட். கறுப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். கடுமையாக உழைக்கும் போன் தன்னுள்ளே தொடர்ந்து உண்டாக்கும் வெப்பமே பொதுவாக 3 முதல் 5 வாட்தான். அதாவது அந்த ஊழியரின் போனைச் சுட வைப்பதில் செயலிகளைவிடச் சூரியனுக்கு அதிகப் பங்கு. ஒரு துண்டு அட்டையை நிழலாக மாட்டிக்கொள்ளும் சில ஊழியர்களைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் ‘பேட்டரி சேவர்’ செயலியையும்விட அது மேலான பொறியியல்.

போனுக்கு மின்விசிறி கிடையாது. உள்ளே பிறந்த வெப்பம் கண்ணாடி வழியாகவும் உலோகச் சட்டம் வழியாகவும் வெளியேற வேண்டும். கனமான ரப்பர் கவர் போட்டால் அந்த வழி பாதி அடைபடுகிறது. பேட்டரியோடு ஒட்டிய வெப்ப உணரி ஒன்று இதை எல்லாம் கண்காணித்துக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் போன் முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு தன் வேகத்தைக் குறைக்கும், பேட்டரி 45 டிகிரியை நெருங்கினால் சார்ஜ் ஏற்றுவதைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். “சார்ஜே ஏறமாட்டேங்குது, சார்ஜர் போச்சு” என்று மே மாதத்தில் கடைக்கு ஓடி வருபவர்களில் சிலருக்குச் சார்ஜர் போகவில்லை. போன் தன்னைக் காத்துக்கொள்கிறது. கவரைக் கழற்றி மின்விசிறிக்குக் கீழே வைத்தால் போதும். ஃபிரிட்ஜில் வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் நம் கடலோரக் காற்றின் ஈரம் அதன் மேலும் உள்ளும் வியர்த்து நிற்கும். பேட்டரியைக் காப்பாற்றப் போய் போனையே கொன்ற கதையாகிவிடும்.

அடுத்த சூடு சார்ஜில் இருந்து வருகிறது. மின்னோட்டம் தடையைக் கடக்கும்போது பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். மின்னோட்டத்தை இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. 67 வாட், 120 வாட் என்று விளம்பரம் செய்யும் அதிவேகச் சார்ஜர்களைப் பார்த்து நாம் பயப்படுவது இதனால்தான். பயத்தில் பாதி நியாயம். மீதிப் பாதியைத் தொழில்நுட்பம் ஓரளவு தீர்த்துவிட்டது. ஆரம்ப கால வேகச் சார்ஜர்கள் 9 வோல்ட்டைப் போனுக்குள் அனுப்பின. அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி இறக்குகிற வேலையைப் போனே செய்ய வேண்டியிருந்தது, அந்தச் சூடும் போனிலேயே தங்கியது. 2014இல் ஓப்போ நிறுவனம் வேறு வழியைப் பிடித்தது: 5 வோல்ட்டிலேயே நாலரை ஆம்பியர் அனுப்பி, இறக்குகிற வேலையைச் சார்ஜர் பெட்டிக்கே தள்ளிவிட்டது. சுடுவது சுவரில் இருக்கும் சார்ஜர். கையில் இருக்கும் போன் அல்ல. அதற்குத் தடித்த கேபிளும் தனிச் சார்ஜரும் வேண்டியிருந்ததால்தான் “இந்தப் போனுக்கு அந்தச் சார்ஜர்தான் வேகமாக ஏறும்” என்ற நிலை வந்தது. இப்போது பல போன்களில் ஒரே பேட்டரிக்குப் பதில் இரண்டு செல்களைத் தொடராக இணைத்து, மின்னோட்டத்தைப் பாதியாக்கிவிடுகிறார்கள்.

ஆனால் சூட்டைத் தாண்டியும் வேகத்துக்கு ஓர் இயற்கை வரம்பு உண்டு. கோயம்பேட்டில் புறப்படத் தயாராக நிற்கும் காலிப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏறுகிறவர்கள் ஓடிப்போய் உட்காரலாம். முக்கால்வாசி நிறைந்த பிறகு ஏறுபவர் நடந்து, நெளிந்து, இடம் தேட வேண்டும். அப்போதும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால் உள்ளே போக முடியாதவர்கள் படியில் தொங்குவார்கள். கிராஃபைட்டுக்குள் நுழைய இடமோ நேரமோ கிடைக்காத லித்தியமும் அப்படித்தான், வெளிப்பரப்பிலேயே உலோகமாகப் படிகிறது. விட்டிங்ஹாமுக்குத் தீப்பிடித்துத் தொல்லை கொடுத்த அதே உலோக லித்தியம். அது ஊசிபோல வளர்ந்து நடுவிலுள்ள தாளைக் குத்திவிடக்கூடும். இதைத் தவிர்க்கத்தான் சார்ஜர் முதலில் முழு வேகத்தில் ஏற்றிவிட்டு, மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டதும் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. கடைசி 20 சதவீதம் ஆமை வேகத்தில் ஏறுவதில் கோளாறு எதுவும் இல்லை. கடும் குளிரிலும் அயனிகள் மந்தமாகி இதே படிவு நடக்கும், அதனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடுவது கெடுதல். இது லடாக்கில் இருப்பவர்களின் கவலை, நமக்கு வேண்டாம்.

எனவே வேகச் சார்ஜரைக் குற்றம் சொல்வதைவிட, சார்ஜ் ஏறும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பார்ப்பது நல்லது. பப்ஜி மாதிரி விளையாட்டை ஆடிக்கொண்டே சார்ஜ் போட்டால் இரண்டு சூடும் ஒரே நேரத்தில் சேரும். கம்பியில்லாச் சார்ஜரில் கம்பியைவிட அதிக ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. தட்டில் போனைச் சற்றுக் கோணலாக வைத்தால் இன்னும் மோசம். கோடை மதியத்தில், பூட்டிய காருக்குள், டேஷ்போர்டில், சார்ஜில் போட்ட போன். பேட்டரியைச் சீக்கிரம் முடிக்க ஒருவர் திட்டமிட்டாலும் இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியாது.

இப்போது சதவீதத்துக்கு வரலாம். ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடந்தால் ‘அளவுக்கு மீறி ஏறிவிடும்’ என்பது சரியல்ல. நிறைந்ததும் போனின் மின்சுற்று தானே துண்டித்துவிடும். கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. உச்ச மின்னழுத்தத்தில் விடிய விடிய நிற்பதும், தலையணைக்கு அடியில் வெப்பம் போக வழியில்லாமல் கிடப்பதும்தான் பிரச்சினை. நீங்கள் எழும் நேரத்தைக் கற்றுக்கொண்டு 80இல் நிறுத்திவைத்து, விடியற்காலையில் மீதியை ஏற்றும் வசதி இப்போது பெரும்பாலான போன்களில் உண்டு. அதைப் போட்டுவிட்டு, போனைத் தலையணையிலிருந்து மேசைக்கு மாற்றினால் அந்தக் கவலை தீர்ந்தது.

‘80க்கு மேல் வேண்டாம்’ என்ற அமைப்பும் பலன் தரும். நாள் முழுக்க மேசையருகே, சார்ஜர் பக்கத்திலேயே இருப்பவர் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி இரவு திரும்பும் விற்பனைப் பிரதிநிதி, இரண்டாண்டு கழித்து மிச்சமாகப் போகும் சில சதவீதத்துக்காகத் தினமும் மாலையில் செத்துப்போன போனோடு பேருந்து நிலையத்தில் நிற்க வேண்டுமா என்ன? போன் நமக்காக வாங்கியது. அவர் முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்பட்டும்.

பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரியின் நினைவாற்றல் கோளாறுக்குச் சொன்ன வைத்தியம். லித்தியத்துக்கு அது தேவையில்லை. ஆழமாக இறக்கி ஏற்றுவதைவிட அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே நல்லது. அடிக்கடி செருகினால் ‘சுற்று’ வீணாகும் என்ற பயமும் வேண்டாம். இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்தே ஒரு சுற்று. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று சொன்ன ஆப்பிள், 15ஆம் மாடலில் அதை 1000 சுற்றாக உயர்த்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன்கள் 800 சுற்றுக்கு இதைத் தாங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. திரையில் தெரியும் பூஜ்யம் உண்மையான பூஜ்யமும் அல்ல; பேட்டரிக்குக் கேடு வரும் முன்பே போன் அணைந்துவிடும். அப்படி அணைந்த போனை மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவிடுவதுதான் தவறு. வெளிநாடு போகிறவர்கள் பழைய போனைப் பாதி சார்ஜில் அணைத்துவிட்டுப் போகலாம்.

மின்கட்டணத்துக்குப் பயந்து சார்ஜரைப் பிடுங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி முழுதாக நிறையச் சுமார் 19 வாட் மணி ஆற்றல் வேண்டும். தினமும் ஒரு முறை, வருடம் முழுக்க, வழியில் வீணாவதையும் சேர்த்தால்கூட 10 யூனிட்டைத் தாண்டுவது அரிது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட்.

வெடிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ‘சூடு’ என்றதும் பலருக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வரும். 2016 ஆகஸ்டில் வந்த சாம்சங் கேலக்சி நோட் 7 போன்கள் தீப்பிடித்தன, திரும்பப் பெற்று, வேறு ஆலையின் பேட்டரியோடு கொடுத்தார்கள், அவையும் பிடித்தன. அக்டோபரில் உற்பத்தியே நின்றது. 2017 ஜனவரியில் நிறுவனம் வெளியிட்ட முடிவின்படி, முதல் ஆலையின் பேட்டரியில் உறைக்குள் இடம் போதாமல் மூலையில் எதிர்முனை வளைந்திருந்தது. இரண்டாவதில் பற்றவைப்பின்போது எழுந்த கூர்முனை நடுத்தாளைத் துளைத்தது. இதில் வாங்கியவர்களின் சார்ஜ் பழக்கத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. நம் வெயிலில் போன் தொடுவதற்குச் சுடுவது 45 டிகிரிச் சமாச்சாரம். நடுத்தாள் உருகச் சுமார் 130 டிகிரி வேண்டும். உள்ளே குறுக்கு மின்னிணைப்பு ஏற்பட்டால்தான் நொடிகளில் அந்தச் சூடு வரும். பிறகு கோபால்ட் ஆக்சைடு தன் ஆக்சிஜனைத் தானே வெளிவிடுவதால், துணி போட்டு மூடினால் அணையாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். சாதாரணமாக நாம் பயப்பட வேண்டியது மலிவுச் சார்ஜருக்குத்தான். 230 வோல்ட் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் சரியாகப் பிரிக்காத சார்ஜரில் செருகிய போனைக் காதில் வைத்துப் பேசுவது, வீட்டு மின்கம்பியைக் காதில் வைப்பதற்குச் சமம்.

முதுமையடைந்த பேட்டரியின் அடையாளம் சீக்கிரம் இறங்குவது மட்டுமல்ல. உள்மின்தடை ஏறிவிட்டதால் கேமராவைத் திறந்தால் மின்னழுத்தம் சட்டென்று சரியும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் பொத்தென்று அணையும். இதைத் தவிர்க்க ஆப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்தது 2017 டிசம்பரில் வெளியானபோது பெரிய ரகளையாகி, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆகக் குறைத்தது. பேட்டரியை மாற்றியதும் பழைய போன் புதிதாக ஓடியது. போன் மந்தமாகிவிட்டது என்று புதிது வாங்கக் கிளம்பும் முன் பேட்டரியைப் பார்ப்பது நல்லது. முதுகு மூடி லேசாகத் தூக்கினாலோ திரை ஓரத்தில் பிதுங்கினாலோ தள்ளிப்போடவே கூடாது. திரவம் சிதைந்து வாயுவாகி பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்தாமல் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாற்றும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் அச்சிட்ட பேட்டரியைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழையதைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம்; குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். தேய்ந்த பேட்டரிக்குள்ளும் கோபால்ட்டும் லித்தியமும் அப்படியே இருக்கின்றன, பிரித்தெடுக்கலாம். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்துகின்றன. சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மறுத்தால், முனைகளின் மேல் செல்லோடேப் ஒட்டி, மின்கழிவு எடுக்கும் இடம் கிடைக்கும்வரை அடுப்பும் வெயிலும் எட்டாத ஓரத்தில் வைத்திருங்கள்.